பச்சை இகுவானா, நீல இகுவானா: ஃபுளோரிடாவிலிருந்து கேமன் தீவுகள் வரை

வியாழன், கீ பிஸ்கேன்

மியாமியிலிருந்து ரிக்கன்பேக்கர் பாலம் வழியாகக் கடலைத் தாண்டினால் கீ பிஸ்கேன் தீவு. தெற்கு முனையில் 1825ல் கட்டிய கலங்கரை விளக்கம், அதைச் சுற்றி பில் பேக்ஸ் பூங்கா. காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கடல் திராட்சை மரத்தடியில், கடலோரத் தடுப்புச் சுவரின் மேல், நடைபாதையின் நட்டநடுவில் என்று பார்த்த இடமெல்லாம் பச்சை இகுவானாக்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா பையன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டான்.

பார்த்தவுடன் நமக்கு உடும்பு நினைவுதான் வரும். ஆனால் சொந்தம் ஓணான் பக்கம். உடும்பு முட்டையும் எலியும் தேடித் தின்னும். இகுவானா இலை, பூ, பழத்தோடு நின்றுகொள்ளும். உடும்புக்கு இருப்பதுபோல் நீண்டு பிளந்த நாக்கும் இதற்குக் கிடையாது. காதுக்குக் கீழே ஒற்றை ரூபாய் அளவில் ஒரு வட்டச் செதில், தொண்டைக்குக் கீழே விசிறிபோல் விரியும் தோல், பிடரியிலிருந்து வால்வரை முள் வரிசை. இந்த மூன்றும் இருந்தால் பச்சை இகுவானா. உச்சந்தலையில் வெளிறிய ஒரு புள்ளியும் இருக்கும். அது ஒளியையும் நிழலையும் மட்டும் உணரும் மூன்றாவது கண். மேலே பருந்து கடந்தால் இதற்குத் தெரிந்துவிடும். தலைக்கு மேல் என் கைநிழல் விழுந்த மறுகணமே ஒரு குட்டி புதருக்குள் பாய்ந்ததை நேரிலேயே பார்த்தேன்.

பெயர்தான் பச்சை. குட்டிகள் துளிர் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். வளர வளர சாம்பலும் பழுப்பும் ஏறும். இது இணைசேரும் பருவம் என்பதால் பெரிய ஆண்கள் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருந்தன. சுவரின் மேல் ஒன்று, மூக்கிலிருந்து வால்நுனிவரை ஐந்தடி குறையாது, தொண்டைத் தோலை விரித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. எதிரே இருந்த சின்ன ஆண் உடலைத் தட்டையாக்கி மெல்லப் பின்வாங்கியது. கடிக்காமல், கிழிக்காமல் ஒரு வழக்கு முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டும் தனித்தனியாகச் செம்பருத்திப் பூ மேயப் போயின.

இவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் இந்த விலங்கு ஃபுளோரிடாவைச் சேர்ந்ததே அல்ல. இதன் சொந்த மண் மெக்சிகோவிலிருந்து தெற்கே பிரேசில், பராகுவே வரை. ஃபுளோரிடாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது 1960களில்: ஹயாலியா, கோரல் கேபிள்ஸ், பிறகு இதே கீ பிஸ்கேன். வளர்க்க வாங்கி அலுத்தவர்கள் விட்டவை, கூண்டிலிருந்து தப்பியவை, சரக்குக் கப்பலில் ஒளிந்து வந்தவை என்று மூன்று வழி சொல்கிறார்கள். 1990களில் எல் சால்வடோர், கொலம்பியா பண்ணைகளில் பொரித்த குட்டிகள் அமெரிக்கச் செல்லப்பிராணிக் கடைகளுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் வந்து இறங்கின. அந்தக் குட்டிகளில் முழு ஆயுள் வாழ்ந்தவை எத்தனை என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது.

"சித்தி, நாம ஒண்ணே ஒண்ணு பிடிச்சிட்டுப் போயிடலாமா?" என்று அக்கா பையன் கேட்டான். அவன் மட்டுமா கேட்டான்? கோவையில் இருக்கும் என் சித்தப்பா பையனும் ஒரு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். கடையில் ஒரு குட்டி பார்த்து வைத்திருக்கிறானாம், மகனுடைய பிறந்தநாளுக்கு. "அக்கா, நீங்க அங்கதான் போறீங்களே, பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றான். நானும் அதற்காகத்தான் பார்க்கிறேன்.

வெள்ளி, கால்வாய்க்கரை

அக்கா வீடு பிராவர்டு கவுன்டியில் ஒரு கால்வாயை ஒட்டி இருக்கிறது. தெற்கு ஃபுளோரிடா முழுக்க இப்படித்தான், சதுப்பு நிலத்தை வடித்து வெட்டிய கால்வாய்கள். இகுவானாவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது: வெயில் காயக் கரை, ஆபத்து என்றால் குதிக்கத் தண்ணீர், முட்டையிட மணல், மேய எல்லார் வீட்டுத் தோட்டமும்.

பின்பக்கம் அக்கா கூட்டிப்போய்த் தடுப்புச் சுவரைக் காட்டினாள். சுவருக்குப் பின்னால் மண் உள்வாங்கி, மேலே பாவிய கல் சாய்ந்திருந்தது. "பாருடி, கீழ பூரா வளை. போன வருஷம் ரெண்டு லோடு மண்ணு கொட்டினோம். எங்க போச்சுன்னே தெரியல."

பெண் இகுவானா முட்டையிடக் குழி தோண்டும்போது பக்கத்துக் குழிகளோடு இணைந்து நீண்ட சுரங்கமே உருவாகிவிடும். ஒரு பெண் ஒரு முறைக்கு 14 முதல் 76 முட்டைவரை இடும். அந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேமனில் தேவைப்படும். வடக்கே வெஸ்ட் பாம் பீச்சில் இகுவானா வளைகளால் பலவீனமான ஒரு நீர்க்கட்டுமானத்தைச் சரிசெய்ய நகராட்சி 18 லட்சம் டாலர் செலவிட்டது. அங்கே கரை உடைந்திருந்தால் குடிநீருக்கே சிக்கல்.

2020 ஜனவரியில் நடந்ததையும் அக்கா சொன்னாள். அன்று மியாமியில் வானிலை நிலையமே அறிவிப்புக் கொடுத்தது: மரத்திலிருந்து இகுவானா விழலாம், பார்த்து ஆச்சரியப்படாதீர்கள் என்று. தன் உடம்பில் வெப்பம் உண்டாக்கத் தெரியாத விலங்கு. வெப்பநிலை ஏழெட்டு டிகிரி செல்சியசுக்கு இறங்கினால் தசைகள் செயலிழந்து கிளைப்பிடி நழுவிவிடும். அக்கா வீட்டு நீச்சல் குளத்தோரம் ஒன்று கால்களை விரித்துக் கிடந்ததாம். செத்துவிட்டது என்று நினைத்து அத்தான் மண்வெட்டி எடுத்து வருவதற்குள் வெயில் பட்டுக் கண்ணைத் திறந்துவிட்டது. "அவர் போட்ட சத்தத்துல அதுவே பயந்து தண்ணியில குதிச்சிருச்சு" என்று அக்கா இன்னமும் சிரிக்கிறாள். இரக்கப்பட்டு இப்படி விழுந்தவற்றைக் காருக்குள்ளோ வீட்டுக்குள்ளோ எடுத்துப்போக வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது. கதகதப்பில் விழித்தால் வாலாலும் நகத்தாலும் தற்காத்துக்கொள்ளத் தொடங்கிவிடும்.

2021 முதல் ஃபுளோரிடாவில் பச்சை இகுவானா தடைசெய்யப்பட்ட இனம். புதிதாக யாரும் வளர்க்க முடியாது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் மட்டும் கெடுவுக்குள் விண்ணப்பித்து, அடையாளச் சில்லு பொருத்தி, அந்த ஒன்றின் ஆயுள்வரை வைத்துக்கொள்ளலாம். அப்படி அனுமதி பெற்ற ஒருவர் அக்கா தெருவிலேயே இருக்கிறார், கியூபாவிலிருந்து இளம் வயதில் வந்த பெரியவர். மாலையில் அவர் வீட்டுக்குப் போனோம்.

மகள் பள்ளியில் படிக்கும்போது சந்தையில் வாங்கிய குட்டி. அன்று உள்ளங்கை நீளம். இன்று பதினான்கு வயது. மகள் வேலைக்காக வேறு மாநிலம் போய்விட்டாள், அவளுடைய படுக்கையறை இப்போது இகுவானாவின் அறை. கட்டில் இருந்த இடத்தில் சுவருக்குச் சுவர் மரக்கிளைகள். மேலே ஒரு மூலையில் வெப்ப விளக்கு, அதன்கீழ் முப்பத்தைந்து டிகிரி. எதிர் மூலை குளிர்ச்சி. தேவைக்கேற்ப அது இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் குழல் விளக்கு.

பெரியவர் அதிக நேரம் பேசியது அந்த விளக்கைப் பற்றித்தான். யூவிபி ஒளி தோலில் பட்டால்தான் இகுவானா உடம்பில் வைட்டமின் டி உண்டாகும். அது இல்லாமல் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் சில மாதங்களில் யூவிபி குறைந்துவிடும், மாற்றியாக வேண்டும். இதெல்லாம் வாங்கும்போது யாரும் சொல்லவில்லையாம். முதல் ஆண்டிலேயே கீழ்த்தாடை வீங்கி ரப்பர்போல் மென்மையாகிவிட்டது. பின்னங்கால் நடுங்கத் தொடங்கியது. எலும்பு கரையும் நோய். கால்நடை மருத்துவர் காப்பாற்றிக் கொடுத்தார். ஆனால் தாடை இன்றும் ஒரு பக்கம் கோணல்தான். நான் பார்த்தேன். கீழே விழும் இலைத்துண்டை அது மறுபடி மறுபடி எடுத்து மெல்ல முயன்றுகொண்டிருந்தது.

தட்டில் கொலார்டு கீரை, கடுகுக் கீரை, துருவிய பரங்கிக்காய், இரண்டு செம்பருத்திப் பூ. பசலை வகை கூடாது, அதிலுள்ள அமிலம் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊரில் பாசத்தோடு அவித்த முட்டையும் கோழித் துண்டும் கொடுக்கிறார்கள். இலைதின்னியின் சிறுநீரகத்தை அது மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். இகுவானாவுக்கு உடம்பில் தங்கும் உப்பை வெளியேற்றும் வழி மூக்கில் இருக்கிறது. நாங்கள் இருந்தபோதே இரண்டு தும்மல் தும்மியது. சன்னல் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பொட்டுகள்.

பெரியவரின் முன்கையில் பெருவிரலிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு தழும்பு. இணைசேரும் பருவத்தில் வளர்ந்த ஆண், வீட்டு ஆளையும் போட்டி ஆணாகவே பார்க்கும். பன்னிரண்டு ஆண்டு கையால் ஊட்டியவரைத்தான் கடித்திருக்கிறது. பல் சின்னது, ஆனால் ரம்பம்போல் வரிசையாய் இருக்கும். "அதன்மேல் தப்பில்லை, அதற்கு அந்த மாதம் அப்படி" என்று சொல்லிவிட்டு அதன் முதுகைத் தடவினார். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி எங்களை வாஷ்பேசினுக்கு அனுப்பினார். மனிதருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமியை, தனக்கு நோயில்லாமலே சுமக்கும் விலங்கு இது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு விஷயமே போதும், வேண்டாம் என்று முடிவெடுக்க.

பாசத்துக்குக் குறைவே இல்லாத வீடு அது. ஒரு அறையும் பதினான்கு ஆண்டுகளும் கொடுத்திருக்கிறார். அப்படியும் அந்த விலங்கு மரத்தின் உச்சியிலிருந்து தண்ணீரில் குதித்ததே இல்லை.

இரவு கோவைக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

சனி, பாகியா ஹோண்டா

கீ வெஸ்ட் போகும் சாலையில், கடல்மேல் பாலம் பாலமாகத் தாண்டி, பாகியா ஹோண்டா பூங்கா. இங்கே வந்தது இகுவானாவுக்காக அல்ல, ஒரு கொடிக்காக.

கழற்சிக்கொடி. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: வேலியில் முள்ளோடு படரும், காய்க்குள்ளே சாம்பல் நிறத்தில் கல் மாதிரி விதை. பாட்டி வயிற்றுவலிக்கு மிளகோடு அரைத்துக் கொடுப்பாள். நானும் அக்காவும் தரையில் தேய்த்துச் சூடேற்றி ஒருவர் கையில் ஒருவர் சூடு வைத்து விளையாடியிருக்கிறோம். அதே செடி உலகின் வெப்பக் கடற்கரைகளிலெல்லாம் விதை மிதந்து பரவியிருக்கிறது, இந்தத் தீவிலும் மணல்மேட்டில் படர்ந்து கிடக்கிறது. அக்கா முள்ளைத் தள்ளி ஒரு காயைப் பிரித்துப் பார்த்து, "அப்படியே நம்ம ஊர் கழற்சிடி!" என்று கத்தியே விட்டாள்.

இந்தக் கொடியின் துளிரில் மியாமி நீலம் என்ற விரல்நக அளவுப் பட்டாம்பூச்சி முட்டையிடும். ஒரு காலத்தில் ஃபுளோரிடாவின் தென்பாதிக் கடற்கரை நெடுகப் பறந்தது. 1992ல் ஆண்ட்ரூ புயலுக்குப்பின் அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்தபோது, 1999ல் இங்கே ஒரு சிறு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. 2010க்குப் பிறகு அதையும் காணவில்லை. இகுவானாக்கள் கழற்சித் துளிரைச் சப்புக்கொட்டித் தின்கின்றன. துளிரோடு சேர்ந்து முட்டையும் புழுவும் போய்விடும். அந்த ஆண்டின் கடுங்குளிரும் சேர்ந்துகொண்டது. இப்போது கீ வெஸ்டுக்கு அப்பாலுள்ள ஆளில்லாத குட்டித் தீவுகளில்தான் இயற்கையாக மிஞ்சியிருக்கிறது.

வியாழக்கிழமை பூ மேய்ந்த அந்த ஆரஞ்சு ஆணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, இன்றும் பிடித்திருக்கிறது. ஆனால் ஓர் ஊரில் அழகாயிருக்கும் பசி இன்னோர் ஊரில் ஓர் இனத்தையே முடித்துவிடும் என்பது, இந்தத் துளிரில்லாத கொடி முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

ஞாயிறு, கிராண்டு கேமன்

மியாமியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள். கியூபாவைத் தாண்டி இறங்கினால் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட தீவு; வண்டியும் நம்மூர்போல் இடப்பக்கம் ஓடுகிறது. விடுதியில் பையை வைத்துவிட்டு ஜார்ஜ்டவுன் தெருக்களில் நடந்தேன். ஃபுளோரிடாவிலிருந்து வந்த கண்ணுக்கு ஒரு வித்தியாசம் உடனே தெரிந்தது: சுவரில் இகுவானா இல்லை. ஒரு மணி நேர நடையில் ஒரே ஒரு குட்டி, அதுவும் மனித வாடை பட்டதும் உச்சிக்கிளைக்கு ஓடிவிட்டது.

இங்கேயும் பச்சை இகுவானா 1980களில் வளர்ப்புப் பிராணியாக வந்து வெளியேறியதுதான். 2018ல் தீவின் சுற்றுச்சூழல் துறை எடுத்த கணக்கு சுமார் 13 லட்சம். தீவின் மொத்த நீளமே 35 கிலோமீட்டர். மக்களோ அப்போது 65,000 பேர் அளவில். தோட்டங்கள் மொட்டையாயின, மின்கம்பத்தில் ஏறி மின்சாரம் போனது, விமான ஓடுபாதையில் வந்து படுத்தன. அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் அரசே ஒழிப்பைத் தொடங்கியது. பதிவுசெய்த உள்ளூர்க்காரர்களுக்குத் தலைக்கு ஐந்து கேமன் டாலர்வரை. குப்பைக் கிடங்கில் கொண்டுபோய் எண்ணிக் கொடுக்க வேண்டும். 2020க்குள் கொன்றவை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

என்னை அழைத்துவந்த டாக்சி ஓட்டுநரும் அதில் இருந்தவர். "நல்ல காசு. ஆனா மூணு மாசத்துக்கு மேல என்னால முடியல" என்றார். ஏன் என்று கேட்டேன். சாலையைப் பார்த்தபடியே ஓட்டினார். பதில் சொல்லவில்லை.

அந்த முடிவு சரியானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஏன் என்பது நாளை பார்க்கப்போவதில் இருக்கிறது. ஆனால் பத்து லட்சம் உயிர்களைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோன கதை, யாரோ சிலர் கூண்டில் கொண்டுவந்த சில குட்டிகளில் தொடங்கியது. அவற்றை விற்றவர்கள் யாரும் அந்தக் கிடங்குக்கு வந்து நிற்கவில்லை.

திங்கள், அரசி பூங்கா

தீவின் கிழக்கே ஃபிராங்க் சவுண்டு சாலையில் இரண்டாம் எலிசபெத் அரசி தாவரவியல் பூங்கா. 65 ஏக்கர். நீல இகுவானாவின் வீடு.

வாசலைத் தாண்டி இருபதடி நடந்திருப்பேன். பாதையோரச் சுண்ணாம்புப் பாறை ஒன்று கண்ணைத் திறந்தது. சிவந்த கண். அவ்வளவு நேரமும் அதைப் பாறையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பழுப்புச் சாம்பல் உடல், குட்டையான கால்கள், பச்சை இகுவானாவைவிடக் கனத்த தலை. நீலமே இல்லையே என்று நினைக்கும்போது பின்னாலிருந்து இன்னொரு ஆண் வெளியே வந்தது. முதலாவது முன்னங்காலை ஊன்றி எழுந்தது. கொஞ்சங்கொஞ்சமாக, கழுத்திலிருந்து தொடங்கி முதுகு வழியாக வால்வரை, மயில்துத்த நீலம் ஏறியது. இன்னொரு இகுவானா பார்க்கும்போதுதான் இந்த நிறம். மற்ற நேரமெல்லாம் பாறையோடு பாறை.

இது உலகத்தில் இந்த ஒரு தீவில் மட்டும் வாழ்வது. ஒன்றரை மீட்டர் நீளம், பத்துப் பதினொரு கிலோவரை எடை. தீவின் சொந்த நில விலங்குகளில் இதுதான் பெரியது. 1938ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுக்குழுவோடு வந்த பெர்னார்டு லூயிஸ் இரண்டைப் பிடித்து எடுத்துப்போனார், அன்றைக்கே அரிதாகியிருந்ததாம். அறிவியல் பெயரில் லூயிசின் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. பிறகு காட்டை வெட்டினார்கள், சாலை போட்டார்கள், நாயும் பூனையும் பெருகின. 2002ல் தேடி எண்ணியபோது காட்டில் மிஞ்சியது 25க்கும் குறைவு. தானாகத் தேற முடியாத நிலை.

தேற்றியது 1990ல் தேசிய அறக்கட்டளை தொடங்கிய மீட்புத் திட்டம். ஃபிரெட் பர்ட்டன் என்பவர் பல ஆண்டுகள் இதை நடத்தினார். பூங்காவின் உட்பகுதியில் வளர்ப்புக் கூண்டுகள் இருக்கின்றன. காலையில் ஊழியர் ஒருவர் சிறு குழுவாக எங்களை உள்ளே அழைத்துப்போனார். நீல இகுவானா ஒரு முறைக்கு ஒன்று முதல் இருபத்தொரு முட்டைவரைதான் இடும். பச்சையின் 76 நினைவிருக்கிறதா? இது பூனையும் எலியும் இல்லாத தீவில், அவசரமே இல்லாமல் வாழப் பழகிய இனம். அறுபது வயதுக்கு மேலும் இருக்கும்: டெக்சாசின் பிரவுன்ஸ்வில் காட்சியகத்தில் 2004ல் இறந்த ஓர் ஆணின் வயதைச் சுமார் 69 என்று மதிப்பிட்டார்கள்.

ஜூன், ஜூலையில் முட்டைகளை எடுத்து முப்பது டிகிரிக்குச் சற்று மேல் வெப்பத்தில் அடைவைத்துப் பொரிக்கிறார்கள். குட்டியாக வெளியே விட்டால் ஓட்டப்பாம்புக்கும் பூனைக்கும் இரையாகிவிடும். அதனால் இரண்டு வயதுவரை கூண்டில் வளர்த்து, பாம்பு விழுங்க முடியாத அளவு வந்தபின் காட்டுக்கு. எந்தப் பெண்ணோடு எந்த ஆண் சேர வேண்டும் என்பதற்கு மரபணுப் பதிவேடு உண்டு, நம் வீட்டில் ஜாதகக் கட்டு வைத்திருப்பதுபோல. மிஞ்சிய கொஞ்சம் உயிர்களிலிருந்து முழு இனத்தையும் எழுப்ப வேண்டும், நெருங்கிய சொந்தத்துக்குள் கலந்துவிடக் கூடாது.

ஒவ்வொன்றின் பிடரி முள்ளிலும் வண்ணப் பாசிமணிகள் கோத்திருக்கின்றன. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்ற வரிசையைப் பார்த்தாலே யார் பிள்ளை, எந்த ஆண்டு பொரித்தது என்று ஊழியருக்குத் தெரியும். அவர் தூரத்திலிருந்தே ஒவ்வொன்றின் பெயரும் குணமும் சொல்லிக்கொண்டு வந்தார்: இது கோபக்காரி, இவன் சோம்பேறி, இவளுக்குப் பூ மட்டும் போதும். கேட்டுக்கொண்டு நிற்கும்போது, அந்த மணிகளின் பின்னாலிருக்கும் உழைப்பை நினைத்துக் கண் கலங்கியது எனக்கு.

2008 மே மாதம் இரவோடு இரவாக யாரோ உள்ளே புகுந்து, இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த பெரிய இகுவானாக்களை மிதித்தும் கத்தியால் குத்தியும் கொன்றுபோட்டார்கள். முட்டை சுமந்த பெண்ணும் அதில் ஒன்று. ஊழியர் அந்தக் கூண்டைக் காட்டிவிட்டு, வேறெதுவும் பேசாமல் அடுத்ததற்குப் போனார். அதன் பிறகும் வேலை நிற்கவில்லை. 2012ல் 'மிக அருகிய இனம்' என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறங்கி 'அருகிய இனம்' ஆனது. 2018ல் ஆயிரமாவது நீல இகுவானா காட்டுக்குப் போனது. பச்சையை ஒழிக்கத் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. பச்சையும் நீலமும் ஒரே இலையைத் தின்பவை. அதோடு 2015ல் நல்ல திடமான நீல இகுவானாக்கள் திடீரென்று நோயுற்று இறந்தன. அதுவரை அறியாத ஒரு ஹெலிகோபாக்டர் கிருமி. பச்சையிடமிருந்து வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். ஒரே தீவில் ஒன்றைச் சுட்டு, இன்னொன்றுக்கு மணி கோத்து வளர்ப்பதைப் பார்த்து நியாயம் எங்கே என்று கேட்கலாம். நானும் நேற்று இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டேன். மெக்சிகோ முதல் பிரேசில்வரை காடுகளில் பச்சை இகுவானாவுக்கு இடமிருக்கிறது. நீலத்துக்கு இந்தப் பாறையைத் தவிர வேறு மண் இல்லை. எனக்கு அது போதுமான காரணம்.

காட்டுக்கு விட்டவை சலீனா, காலியர்ஸ் என்ற இரண்டு காப்பிடங்களில் வாழ்கின்றன. சலீனாவுக்கு நம்மை விடமாட்டார்கள், 625 ஏக்கர் முட்புதரும் கத்திமுனைப் பாறையும். விடாததே நல்லது.

செவ்வாய், லிட்டில் கேமன்

சின்ன இரட்டை விசிறி விமானத்தில் வந்தேன். 16 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம், இருநூறு பேர்கூட இல்லாத தீவு. இங்கே நீலம் இல்லை. அதன் நெருங்கிய சொந்தமான பாறை இகுவானா வாழ்கிறது. சாலையில் இகுவானாவுக்கே முன்னுரிமை என்று பலகை வைத்திருக்கிறார்கள், மக்களும் அப்படியே ஓட்டுகிறார்கள். வாடகை சைக்கிளில் போகும்போது ஒன்று நடுச்சாலையில் படுத்திருந்தது. எனக்குப் பின்னால் வந்த வேன் அணைந்து நின்றது. ஓட்டுநர் செய்தித்தாளை விரித்துவிட்டார். அது எழுந்து போக நெடுநேரம் ஆயிற்று.

பச்சை இகுவானா இந்தத் தீவுக்கும் எட்டிவிட்டது. பாறை இகுவானாவோடு கலந்து குட்டியே பொரித்திருப்பதை மரபணுச் சோதனையில் உறுதி செய்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு பேரினம், அப்படியும் கலந்திருக்கின்றன. அதனால் இங்கே யார் கண்ணில் பச்சை பட்டாலும் உடனே தகவல் சொல்ல வேண்டும். விடுதிக்காரம்மா சாவியோடு இரண்டின் படத்தையும் கொடுத்து வித்தியாசம் சொல்லித்தருகிறார்: வாலில் கறுப்புப் பட்டை, காதடியில் வட்டச் செதில் இருந்தால் பச்சை.

மதியம் கோவையிலிருந்து போன் வந்தது. "அக்கா, கடைக்காரர் பேப்பரெல்லாம் தேவையில்ல, எல்லாரும் சும்மாதான் வாங்கிட்டுப் போறாங்கங்கிறார்." தேவை என்றேன். வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பச்சை இகுவானா இருக்கிறது. 2022ல் திருத்திய வன உயிரினச் சட்டப்படியும் 2024 விதிகளின்படியும் இந்தியாவில் வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்தாக வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத குட்டி, பெரும்பாலும் யாரோ பெட்டியில் அடைத்துக் கடத்திய குட்டி. வழியில் செத்தவற்றைக் கடைக்காரர் காட்டமாட்டார்.

"ஒரே ஒரு குட்டிதானேக்கா" என்றான். நான் ஃபுளோரிடாப் பெரியவரின் அறையைப் பற்றி மறுபடியும் சொன்னேன். அந்தக் கோணல் தாடையையும்.

தம்பி இன்னும் முடிவு சொல்லவில்லை. யூவிபி விளக்கு என்ன விலை, கோவையில் ஊர்வன வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் யார், இருபது வருஷத்துக்கு வீட்டில் எந்த அறையைக் கொடுப்பாய், இந்த மூன்றுக்கும் பதிலோடு போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை மியாமி விமானம்.